மாதிரி ஒன்று

மன்னார் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், மூன்று மேசைகளும் ஒரு மின்விசிறியும் கொண்ட, கைபேசிச் செயலிகள் செய்யும் கந்தோர் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த கிருஷிகாவுக்கு 2023ஆம் ஆண்டில் இருபத்தாறு வயது. விடத்தல்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவாள். ஊரில் அவளைப் 'போனுக்கு அப் செய்யிற பிள்ளை' என்பார்கள். ஒருவருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். அது தன் வேலை இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அவளைப் படிப்பித்தது அக்கா எடித். தகப்பன் 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் செல் குண்டு விழுந்து செத்துப்போனார். அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் மிஞ்சியது தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான். எடித் நண்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. ஓடு கீறிக் கீறி அவளுடைய விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்து போயிற்று. கிருஷிகா தன்னுடைய போனில் அக்காவின் கைரேகையையும் பதிந்து வைக்கப் பார்த்தாள். போன் அந்த விரலை ஏற்கவே இல்லை. பத்துத் தடவை வைத்துப் பார்த்துவிட்டு இருவரும் சிரித்தார்கள். அந்த விரல்கள் யாருக்காகத் தேய்ந்தன என்பதை நினைத்துக் கிருஷிகா அன்று கிணற்றடியில் தனியே நின்று அழுதது எடித்துக்குத் தெரியாது.

அந்த வீட்டில் ஒரு பொய் இருந்தது. 2008இன் கடைசியில், வீட்டுக்கு ஓராள் வர வேண்டுமென்று இயக்கம் கேட்டபோது, பதினெட்டு வயது எடித்தைக் கொண்டுபோனார்கள். நான்கு மாதம் இருந்தாள். பங்குனியில் இடது தொடையில் செல் துண்டு பாய்ந்தது. ஒரு விடியக்காலையில் தவழாத குறையாகக் குடும்பத்திடம் வந்து சேர்ந்தாள். சண்டை முடிந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும்கூடத் தனியாக வந்து பதியுங்கள் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படிப் பதிந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வேறாகக் கொண்டுபோனார்கள். தாய் எடித்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பதிவு மேசைக்கு முன்னால் போனதும், பதுங்கு குழிக்குள் இருக்கும்போது பட்ட காயம் என்று சொன்னாள். பின்னால் நின்ற கிருஷிகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

முகாமில் ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்ததும் தாய் சின்னவளைக் கேட்பாள், அக்காவுக்கு எங்கே காயம் பட்டது என்று. பதுங்கு குழிக்குள்ளே என்று அவள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் படுக்கலாம். வீட்டுத்திட்டப் படிவம், நிவாரணப் படிவம், வைத்தியப் படிவம் எல்லாவற்றிலும் பதினான்கு வருடமாக அதே பதுங்கு குழிதான் இருந்தது.

மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி செய்யும் ஒரு தொண்டு நிறுவனம், குடும்ப விவரங்களைக் கைபேசியிலேயே பதிவதற்கு ஒரு செயலி கேட்டது. கந்தோர் முதலாளி தனஞ்சயன் அந்த வேலையைக் கிருஷிகாவிடம் கொடுத்தார். முதல் கிழமையில், படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் பதிய வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயில் வந்த ஒரு பெயரை அடித்துவிட்டுப் போவார்கள். கிருஷிகாவால் அது முடியவில்லை. இல்லாத ஆட்களின் பெயருக்குப் பங்கீட்டுச் சாமான் எடுத்தவர்களை முகாமில் சனத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். இல்லாத ஒருவரைப் படிவத்தில் எழுதக் கை கூசியது. இருக்கிற ஒருவரை எழுதினாள். எடித்.

காயத்தின் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது விரல் பழக்கத்தில் பதுங்கு குழியைத் தேடியது. பிறகு நின்றது. கந்தோரில் யாரும் இல்லை. இந்தப் படிவத்துக்குப் பின்னால் மேசை இல்லை, துவக்குப் பிடித்த ஆமி இல்லை, பார்க்கப்போகிறவர் யாருமில்லை. இது அவளே செய்த படிவம். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒரு படிவத்தில் உண்மையை எழுதினாள். 'இயக்கத்தில் நான்கு மாதம். 2009 பங்குனியில் பட்டது. ஓமந்தையில் பதியவில்லை. அம்மா பொய் சொன்னா.' எழுதி முடித்ததும் நெஞ்சுக்குள் பதினான்கு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கினது போல இருந்தது. அந்தப் பதிவுக்கு 'மாதிரி 1' என்று பெயர் வைத்தாள். பிறகு அழித்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அழிக்கவில்லை. சில நாட்களில் அதைத் திறந்து ஒரு தடவை வாசித்துவிட்டு மூடுவாள்.

இதற்கு முந்தின வருடம்தான் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. செயலி அந்தச் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, தொண்டு நிறுவனம் கொழும்பில் வஸீர் என்ற சட்ட ஆலோசகரை அமர்த்தியது. வஸீரின் குடும்பத்துக்குச் சொந்த ஊர் மன்னார்ப் பக்கத்துக் கொண்டச்சி. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, இரண்டு உடுப்புப் பையோடு புத்தளத்துக்குப் போனவர்கள். தொலைபேசியில் அவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்பார்: இது என்னத்துக்கு? சமயம் என்னத்துக்கு? அடையாள அட்டை இலக்கம் என்னத்துக்கு? பதில் இல்லாத கட்டங்களை எல்லாம் எடுக்கச் சொன்னார்.

"இப்பிடி ஒவ்வொண்டா வெட்டினால் கடைசியில பேர் மட்டும்தான் மிஞ்சும்," என்றார் தனஞ்சயன்.

"பேரும் வேணுமோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ," என்றார் வஸீர்.

தனஞ்சயனுக்கு அவரைப் பிடிக்கவில்லை. கிருஷிகாவுக்குப் பிடித்தது. ஒரு ஆளைப் பற்றிய விவரம் அந்த ஆளுக்குச் சொந்தம், கேட்காமல் எடுக்கக்கூடாது, எடுத்தாலும் திருப்பிக் கேட்டால் அழிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. காயத்தின் காரணத்தையும் அவர் எடுக்கச் சொன்னார். நிதி கொடுப்பவர்களுக்கு அது வேண்டுமென்று தனஞ்சயன் பிடிவாதமாக நின்றதில், கட்டாயமில்லாத கேள்வியாக அது தப்பிப் பிழைத்தது.

வங்காலையில் செயலியைப் பரீட்சித்துப் பார்த்தபோது, சம்மதமா என்று அது கேட்டதற்கு நாற்பது பேரும் ஓம் என்றார்கள். யாரும் வாசிக்கவில்லை. மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி மட்டும் விரலைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாட்டன் எண்டு அமத்தினால் பேரை வெட்டிப்போடுவியளோ, தங்கச்சி?"

வெட்டமாட்டோம் என்று கிருஷிகா சொன்னதை அவள் நம்பவில்லை. ஓம் என்று அமத்திவிட்டு எழும்பிப் போனாள். பதிவில் இல்லாதவனுக்குச் சாப்பாடு இல்லை என்ற காலத்தில் வாழ்ந்த சனம் எந்தப் படிவத்துக்கும் மாட்டேன் என்று சொல்லாது. கிருஷிகா இரண்டு கிழமை இருந்து அந்தத் திரையை மாற்றினாள். 'உதவிப் பட்டியலில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மாட்டேன் என்றாலும் அது இருக்கும்' என்று பெரிய எழுத்தில் முதலில் காட்டினாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தன் குரலிலேயே அதைப் பதிந்து போட்டாள். அடுத்த தடவை நாற்பது பேரில் பதினொரு பேர் காயக் கேள்விக்கு மாட்டேன் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து, பஸ்ஸால் இறங்கின வேகத்தில் அதை எடித்திடம் சொன்னாள்.

"சனம் மாட்டன் எண்டு சொன்னால் சந்தோசப்படுற ஒரே சீவன் நீதான்," என்று எடித் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு வேறு காரணமும் இருந்தது. எடித்துக்குக் கலியாணம் பேசியிருந்தது. முப்பத்துமூன்று வயதில். பேசாலையைச் சேர்ந்த றெனால்ட், சொந்தப் படகு வைத்திருந்தவன், தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தனக்கென்று பார்க்க நாற்பது வயதானவன். அவளைப் பார்க்க வந்த அன்று, அவள் கால் இழுத்து நடப்பதைக் கண்டுவிட்டுத் தான் இருந்த கதிரையைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் உட்காரப் போட்டான். அந்தக் கதிரையைப் பற்றி எடித் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். காயம் பதுங்கு குழியில் பட்டது என்றுதான் அவர்களுக்கும் சொல்லியிருந்தது.

கத்தோலிக்கர் வழக்கப்படி, கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்க் கோயில்களிலும் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். முதல் அறிவித்தல் வாசித்த கிழமையில்தான் வஸீரின் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: மாதிரிப் பதிவுகளில் உண்மையான ஆட்களின் விவரம் உண்டா?

கிருஷிகா அந்தக் கேள்வியை இரண்டு தடவை வாசித்தாள். அன்று பின்னேரம் பட்டியலை அனுப்ப வேண்டும். அக்காவின் கூறைச் சீலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்ததை எடுக்க வேண்டும். மாதிரியை மாற்றுவதென்றால் இல்லாத ஒரு ஆளை உண்டாக்க வேண்டும். அதை ஞாயிறு கழிந்து செய்யலாம். அதோடு, அந்தக் கேள்வி வெளியாட்களைப் பற்றியது. அக்கா எப்படி வெளியாளாவாள்? வீட்டில் யார் யாரிடம் சம்மதம் கேட்கிறார்கள்? 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டாள். ஓமந்தை மேசையில் தாய் சொன்ன பொய்யை விட அது சின்னதாகத்தான் தெரிந்தது.

இரண்டாம் அறிவித்தலும் வாசித்தாயிற்று. அடுத்த புதன்கிழமை மன்னாரில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. ஊர்களிலிருந்து சங்கத் தலைவர்களும் செயலாளர்களுமாக எழுபது பேர் வந்திருந்தார்கள். தனஞ்சயன் வங்காலையில் பதிந்த ஒரு குடும்பத்தைத் திரையில் காட்டுவதாக இருந்தார். கூடவே கூடாது, உண்மையான ஆட்களை ஒருக்காலும் காட்டாதீர்கள், மாதிரியை மட்டும் காட்டுங்கள் என்று வஸீர் எழுத்தில் கொடுத்திருந்தார். பட்டியலில் மாதிரிப் பதிவு ஒன்று, உண்மையான ஆள் இல்லை என்று கிருஷிகாவே எழுதியிருந்தாள். தனஞ்சயன் சட்டத்தை மதித்தார். மாதிரி ஒன்றைத் திறந்தார். அவருக்கு அவளுடைய அக்காவை அக்கா என்று மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது.

கிருஷிகா வாசலில் நின்று, பிந்தி வந்தவர்களுக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பயப்பிடாதேங்கோ, இது கற்பனை ஆள்," என்று தனஞ்சயன் ஒலிவாங்கியில் சொன்னார். "எங்கட கிருஷி நல்லாத்தான் கதை எழுதியிருக்கிறா. வீட்ட போய்ப் பழகிப் பார்க்க வேணுமெண்டால் போனில ஒரு படம் எடுத்து வச்சிருங்கோ."

அவள் திரும்பினாள். வெள்ளைச் சுவர் முழுக்க எடித் நின்றாள். பெயர், ஊர், பிறந்த வருடம், நண்டு வாடி, இடது தொடை. எல்லாவற்றுக்கும் கீழே, ஆள் உயரத்துக்கு, 'அம்மா பொய் சொன்னா.' இருபது முப்பது கைகள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. எப்படி நடந்து போனாள் என்று அவளுக்குத் தெரியாது. படம் காட்டும் கருவியின் வயரைப் பிடுங்கினாள். சுவர் வெறும் சுவரானது. கரண்ட் போயிட்டுதோ என்று யாரோ கேட்டார்கள்.

பேசாலையிலிருந்து வந்திருந்தவர்களில் தோமஸும் இருந்தார். றெனால்டின் தமையன். தேநீர் நேரத்தில் அவளிடம் வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"தங்கச்சி, அது ஆரெண்டு நான் கேக்கேல்லை. கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டி வரும்."

கிருஷிகா கையிலிருந்த அட்டைகளை மேசையில் வைத்தாள்.

"அவவில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லுங்கோ. எங்கட வீட்டிலயும் ஒருத்தன் இயக்கத்துக்குப் போனவன்தான். ஆனால் தம்பி கடலுக்கு இறங்கேக்க ஒவ்வொரு நாளும் கரையில நேவியிட்ட பேர் குடுத்திட்டுப் போறவன். பதியாத ஆளை வீட்டில வச்சிருக்கிறாய் எண்டு அந்த இடத்தில ஆரும் கேட்டால், அவன் என்ன சொல்லுறது?"

இன்றைக்கே அழித்துவிடுவேன் என்று அவள் சொன்னாள்.

"அழிப்பியள். வேலையில நீங்கள் கெட்டிக்காரி எண்டு தம்பி சொன்னவன்," என்றார் தோமஸ். குடிக்காத தேநீரை யன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'இந்தப் பதிவை அழிக்கவா? பிறகு மீட்க முடியாது' என்று செயலி கேட்டது. அவளே எழுதிவைத்த வசனம். ஓம் என்று அமத்தினாள். ஆனால் அவள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, மண்டபத்தில் எடுத்த படம் நண்டு வாடிக்குப் போய்விட்டது. கூட வேலை செய்கிற ஒருத்தி, இது ஆரடி உன்னைப்போல என்று கேட்டு எடித்திடமே அதைக் காட்டியிருந்தாள்.

தாய் தலையிலும் நெஞ்சிலும் அடித்து அழுதாள். ஓமந்தையில் ஆயிரம் துவக்குக்கு முன்னால் காப்பாற்றின பிள்ளையை இந்த ஒருத்தி விரல் நுனியால் கொன்றுவிட்டாள் என்று ஊர் கேட்கக் கதறினாள். எடித் அழவில்லை. ஏசவும் இல்லை. தங்கைக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்றாம் ஞாயிறு. கோயிலில் சுவாமியார் அறிவித்தல் தாளை எடுத்தார். வேறொரு சோடியின் பெயரை மட்டும் வாசித்தார். தாளை மடித்தார். எடித் வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் இருந்தாள். முழங்காலில் நிற்கும் நேரம் வந்தபோது, எப்போதும் போல இடது காலைப் பக்கத்தில் நீட்டிவிட்டு நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முழுக் கோயிலும் பாடுபட்டது. றெனால்ட் வரவில்லை, போன் எடுக்கவில்லை. அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் வாசல் படலையில் நின்று எடித்தின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

கிருஷிகா வஸீருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியலில் 'இல்லை' என்று போட்டது யார் என்று அவர் கேட்டார். நான்தான் என்றாள். ஏன் என்று கேட்டார்.

"அது எங்கட அக்கா, சேர். வெளியாள் இல்லைத்தானே எண்டு நினைச்சிட்டன்."



"வெளியாக்களிட்ட எல்லாம் சம்மதம் கேட்டனீங்கள்," என்றார் வஸீர்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். விவரம் வெளியே போன ஆளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்: என்ன விவரம், எப்படிப் போனது, யார் பொறுப்பு, அவருக்கு என்ன உரிமை உண்டு. வீட்டில் எல்லாருக்கும் தெரியும் சேர் என்றாள். தெரிந்தது வேறு, நாங்கள் சொல்வது வேறு என்றார் அவர். கிருஷிகா அந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கினாள். 'அன்புள்ள அக்கா' என்று எழுதிவிட்டு வெட்டினாள். கடைசியில் 'செல்வி எடித் அவர்களுக்கு' என்று எழுதி, உறையில் போட்டு, அலுமாரியில் எடித்தின் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தாள். விடிந்து பார்த்தபோது உறை அங்கே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கந்தோர்ப் படியில் ஒரு சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து வரும் சத்தம். அதை உலகத்தின் எந்த மூலையிலும் கிருஷிகா அடையாளம் காண்பாள். எடித் வாசலில் நின்றாள். கோயிலுக்குக் கட்டும் சீலை. கையில் அந்தக் கடிதம். தனஞ்சயன் எழுந்து தன்னுடைய கதிரையை இழுத்துப் போட்டார். எடித் அந்தக் கதிரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, இருக்காமல் நின்றாள்.

"விவரத்தை அழிக்கச் சொல்லிக் குடுக்கிற படிவம் இஞ்ச இருக்காம். ஒண்டு தாங்கோ," என்றாள்.

"அக்கா, அது அண்டைக்கே அழிச்சிட்டன்."

"படிவத்தைத் தாங்கோ, மிஸ்."

தூக்கி வளர்த்த தங்கையை அவள் ஒருநாளும் நீங்கள் என்று சொன்னதில்லை. கிருஷிகா படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் அவள் செய்த படிவம். எடித் நின்றபடியே மேசையில் குனிந்து, பெயர், ஊர், பிறந்த திகதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதினாள். கோரிக்கைக்கான காரணம், விரும்பினால் மட்டும் எழுதவும் என்றிருந்த கட்டத்தில் பேனாவை வைத்து யோசித்தாள். பிறகு எழுதினாள்: 'என்னிடம் கேட்கவில்லை.'

கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டும் அவள் போகவில்லை.

"படிவம் வாங்கினதுக்குப் பற்றுத்துண்டு தாறேல்லையோ?"

முகாமில் எந்த மேசையிலிருந்தும் துண்டு வாங்காமல் எழும்பக் கூடாது என்று கிருஷிகாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். கிருஷிகா ஒரு தாளைக் கிழித்து, திகதி போட்டு, கோரிக்கை இலக்கம் ஒன்று என்று எழுதினாள். செயலி தொடங்கி அந்தப் படிவத்தைக் கேட்டு வந்த முதல் ஆள். கண்ணீர் தாளில் விழாமல் இருக்க முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள்.

"பதில் எப்ப வரும்?"

"மூண்டு கிழமைக்குள்ள அனுப்புவம்."

எடித் துண்டை வாசித்துப் பார்த்தாள். நான்காக மடித்துப் பேர்சில் வைத்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியால் இறங்கிப் போனாள்.

மாலை பஸ்ஸில் கிருஷிகா ஏறியபோது எடித் நடுவில் ஒரு இருக்கையில் யன்னலோரம் இருந்தாள். பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. கிருஷிகா கிட்டப் போனாள். எடித் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, மடியிலிருந்த கைப்பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

விடத்தல்தீவு வரும்வரைக்கும் கிருஷிகா நின்றபடியே போனாள்.